கிளையை முளைக்க வைப்பது இயற்பியலா, சதுரக் கட்டமா?

உறைநிலை_மாணவன்:
உறையும் படிகம் எப்படி வளர்கிறது என்று கணக்கிட ரியோ கோபயாஷி 1993ல் வெளியிட்ட பேஸ்-ஃபீல்ட் மாடலை (ஒவ்வொரு புள்ளியும் திடமா திரவமா என்பதை ஓர் எண்ணால் குறிக்கும் முறை) நானே கணினி நிரலாக எழுதிப் பார்த்தேன். 300×300 கட்டம், நடுவில் ஒரு விதைப் படிகம், சுற்றிலும் உருகுநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத திரவம். ஓட விட்டதும் நான்கு பெரிய கிளைகள், அவற்றின் இருபுறமும் குட்டிக் கிளைகள். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் டென்ட்ரைட்டேதான், அதாவது மரம்போல் கிளைவிட்ட படிகம்! இரண்டே சமன்பாடுகள். திடமும் திரவமும் சந்திக்கும் எல்லையை எங்கும் துரத்த வேண்டியதில்லை. வார்ப்பு உலோகத்தைப் புரிந்துகொள்ள இனி இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

எல்லைக்கோடு:
தம்பி, உழைப்புக்குப் பாராட்டு. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. முன்னால் நீட்டிய முனை, உறையும்போது வெளியாகும் உள்ளுறை வெப்பத்தைச் சீக்கிரம் கைகழுவுகிறது, அதனால் இன்னும் நீள்கிறது. முல்லின்ஸும் செகெர்காவும் 1960களிலேயே காட்டியது இது. ஆனால் முனை எந்தத் திசையில், எவ்வளவு கூர்மையாக ஓடும் என்பதை மேற்பரப்பு ஆற்றல் திசைக்குத் திசை மாறுவதுதான் தீர்மானிக்கிறது. உலோகம் போலவே உறையும், ஆனால் உள்ளே பார்க்க முடிகிற சக்சினோநைட்ரைல் என்ற கரிமப் பொருளில் அந்த வேறுபாடு சுமார் அரை சதவீதம். உங்கள் சதுரக் கட்டமும் தன் பங்குக்குத் திசை கொடுக்கும். திசை வேறுபாட்டைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். அப்போதும் நான்கு பக்கம் புடைத்தால் அது கட்டத்தின் வேலை. அப்புறம், படிகத்தை 30 பாகை திருப்பி வையுங்கள். கிளைகளும் 30 பாகை திரும்ப வேண்டும்.

வார்ப்பட்டறை:
நான் அலுமினிய வார்ப்பில் இருப்பவன். எனக்கு ஒரு கிளையின் அழகு வேண்டாம். கையளவு பாகத்தில் கிரெய்ன் (உலோகத்தில் இருக்கும் தனித்தனிப் படிகம்) எங்கே பொடியாக இருக்கும், எங்கே நீளநீளமாக ஓடும் என்று தெரிந்தால் போதும். அதற்கு செல்லுலார் ஆட்டோமேட்டா இருக்கிறது, பாகத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து எளிய விதிப்படி ஒவ்வொன்றாக உறைய வைக்கும் கணக்கு. பேஸ்-ஃபீல்டில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதற்குள் கணினி திணறிவிடும்.

எல்லைக்கோடு:
ஐயா, முனை எவ்வளவு வேகமாக ஓடும் என்று அந்த ஆட்டோமேட்டாவுக்கு வெளியிலிருந்து ஒரு சூத்திரம் கொடுக்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது? இவான்ட்சோவ் 1947ல் கொடுத்த தீர்வில் முனையின் ஆரமும் வேகமும் பெருக்கலாகத்தான் கிடைக்கும், தனித்தனியாகக் கிடைக்காது. பிரித்துச் சொல்ல மேற்பரப்பு ஆற்றல் வேண்டும். அதைக் கணக்கிட்டுத் தருவதில் கார்மாவும் ராப்பெலும் 1990களில் சீர்செய்த பேஸ்-ஃபீல்டுக்குப் பெரிய பங்கு உண்டு. திடத்துக்கும் திரவத்துக்கும் நடுவிலுள்ள எல்லைப் பட்டையை நிஜத்தைவிடத் தடிமனாக வைத்தும் சரியான வேகம் வரும்படி செய்தார்கள். நான் பேஸ்-ஃபீல்டுக்கு எதிரி இல்லை. படத்தைக் காட்டி நிரூபணம் என்பதற்குத்தான் எதிரி. கிளிக்ஸ்மன் குழு 1994ல் கொலம்பியா விண்கலத்தில் சக்சினோநைட்ரைலை உறைய வைத்தது, ஈர்ப்பால் வரும் திரவ ஓட்டம் குழப்பாமல் முனை வேகத்தையும் ஆரத்தையும் அளப்பதற்காக. ஒப்பிட வேண்டியது அந்த எண்களோடு.

வார்ப்பட்டறை:
சூத்திரம் அங்கிருந்து வருகிறது என்பது சரி. ஆனாலும் நாளைக் காலை அச்சில் ஊற்றுகிறவனுக்கு ஆட்டோமேட்டாதான் பதில் தரும். கட்டம் தன் அச்சுப் பக்கம் இழுக்கும் கோளாறு அதிலும் இருந்ததுதான். ரப்பாஸ் குழு 1990களிலேயே அதைத் திருத்தியது.

உறைநிலை_மாணவன்:
இரண்டு சோதனையும் செய்துவிட்டேன். திசை வேறுபாடு பூஜ்யம் என்று வைத்தபோது வட்டமாக வளர்ந்து, பிறகு கட்டத்தின் அச்சுகளை ஒட்டி நான்கு இடத்தில் புடைத்தது. 30 பாகை திருப்பியபோது கிளைகள் திரும்பின, ஆனால் 26 பாகை வரைதான். முனை வேகமும் மாறிவிட்டது. எல்லைப் பட்டையின் குறுக்கே வெறும் மூன்று புள்ளிகள்தான் வைத்திருந்தேன், அதுதான் கோளாறு என்று நினைக்கிறேன். இடைவெளியைப் பாதியாக்கினால் நேரப்படியைக் கால்பங்காக்க வேண்டும், வேலை 16 மடங்கு. இன்றிரவு ஓட விடுகிறேன். ‘இதுவே போதும்’ என்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

எல்லைக்கோடு:
ஓடி முடிந்ததும் படம் வேண்டாம், கோணத்தையும் முனை வேகத்தையும் போடுங்கள்.