இமயமலைல ரிமோட்டா இருக்கற ஸ்பிதி, ஜான்ஸ்கர் பக்கம் புத்த மடாலயம் போனவங்க வாங்க, இன்னும் மண்டைல ஓடற ஒரு விஷயத்த சொல்லுங்க

திருச்சி_புல்லட்:
ஸ்பிதில கீ கோம்பா, கோம்பான்னா மடாலயம். எல்லாரும் எடுக்கற அந்த மலை போட்டோவ நாங்களும் எடுத்தோம், அத விடுங்க. உள்ள கிச்சன்ல உக்கார வெச்சு டீ குடுப்பாங்கல்ல, கரி புடிச்ச சுவரு, பாத்திரமெல்லாம் வரிசையா. ஊத்திட்டிருந்த லாமா எந்த ஊருன்னு ஹிந்தில கேட்டாரு. எனக்கு ஹிந்தி சுத்தமா வராது, கூட வந்தவன் ஓசூர்க்காரன், "பெங்களூர் பக்கம்"னான். மனுஷன் டக்குனு திரும்பி "ஊட்டா ஆய்தா?"ங்கறாரு, சாப்டாச்சான்னு கன்னடத்துல. 4,166 மீட்டர் உயரத்துல! கர்நாடகால முண்ட்கோடுல வருஷக்கணக்கா படிச்சாராம். 1959க்கு அப்புறம் திபெத்லேர்ந்து வந்தவங்க செரா மடத்த பைலகுப்பேலயும் ட்ரெபுங், கன்தென் ரெண்டையும் முண்ட்கோடுலயும் மறுபடி ஆரம்பிச்சாங்கல்ல, ஸ்பிதி பசங்க பெரிய படிப்புக்கு அங்கதான் வராங்க, இதெல்லாம் படிச்சு தெரிஞ்சதுதான், ஆனா நேர்ல பாக்கறப்ப வேற. அவங்க ரெண்டு பேரும் கன்னடத்துல கொசுவ பத்தி பேசி சிரிக்கறாங்க, நான் மாறி மாறி வாயப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். கேக்கறதுக்கு எவ்ளவோ இருந்துச்சு, கீழ டாக்ஸிக்காரர் ஹாரன் அடிச்சுட்டாரு.

வெண்பா_அம்மு:
கீ கோம்பாக்கு வாசல் வரைக்கும் ரோடு போகுது பாஸ், அது என்ன ரிமோட்டு. ஜான்ஸ்கர்ல புக்தல் மடாலயம் போய் பாருங்க. புர்னே கிராமத்துலேர்ந்து நடைதான், கீழ ஆறு, பாதை சில எடத்துல ஒரு ஆள் அகலம். ஹங்கேரிலேர்ந்து வந்த சோமாங்கற மொழி ஆராய்ச்சியாளர் 1825-26ல இங்க தங்கி திபெத்திய மொழி படிச்சாரே, அவருக்கு கல்வெட்டு கூட வெச்சிருக்காங்க, அத பாக்கத்தான் போனேன். ஆனா ஞாபகத்துல நிக்கறது அந்தப் பாதை. எதிர்ல குதிரை வருது, ரெண்டு பக்கமும் கேஸ் சிலிண்டர், பின்னாடி குட்டி லாமா ஒருத்தன், பத்து வயசு இருக்கும், காலுக்கு அடங்காத ஷூ. நான் பாறையோட ஒட்டிக்கிட்டு வயித்த எக்கறேன், சிலிண்டர் உரசிட்டு போகுது. பையன் நின்னான், சிரிக்கல, ஒண்ணும் பேசல, என் பேக்ல தொங்கிட்டிருந்த தண்ணி பாட்டில உள்ள தள்ளி விட்டுட்டு போய்ட்டான். இவ்ளோதான் கதை. ஏன் மறக்க மாட்டேங்குதுன்னு தெரியல.

நடராசன்_ரிட்டயர்டு:
நான் பாத்தது ஸ்பிதில தாபோ மடாலயம். கி.பி. 996ல கட்டினது, வெளிய மண் சுவரு, உள்ள கும்மிருட்டு, போட்டோ கூடாது. டார்ச் நகர நகர சுவத்துல ஒரு முகம், அப்புறம் ஒரு கை, அப்புறம் இன்னொரு முகம். என்னால அத சொல்ல முடியல, விட்டுடறேன். ஆனா தம்பிங்களா, போறவங்க மணாலி வழியா நேரா ஏறாதீங்க, குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல, ஒடம்பு பழகாம அங்க போய் நின்னா தல வெடிக்கும். சிம்லா வழியா போங்க, கல்பா, நாகோ, தாபோன்னு தங்கித் தங்கி ஏறுங்க, அப்புறம் ஸ்பிதியோட முக்கிய ஊரு காஸா. மலை உயரத்துக்கு போடற டயமாக்ஸ் மாத்திரைய டாக்டர கேக்காம முழுங்காதீங்க, சல்ஃபா அலர்ஜி இருக்கறவங்க முதல்லயே சொல்லிடணும். தலவலி இருக்கறப்ப மேல ஏறவே கூடாது. நடக்கறப்ப தள்ளாடுதா, உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்குதா, நடுராத்திரியானாலும் கீழ எறங்குங்க. சரக்கு வேணாம். காஸால டேங்க் ரொப்பிக்கங்க. கைல கேஷ் வெச்சுக்கங்க, கூகுள் பே-ய நம்பாதீங்க.

திருச்சி_புல்லட்:
சார், இங்க யாரும் தலவலின்னே சொல்லலியே.

மதுர_மல்லி:
அம்மு, ரோடு இருந்தா ரிமோட் இல்லையா? குளிர்காலத்துல குன்சும் மூடிடும், அப்ப அங்க இருந்து பாத்துட்டு பேசுங்க. என் கதைக்கு மடத்து பேரு வேணாம். காவல் தெய்வம் இருக்கற ரூம், கோன்காங்னு சொல்வாங்களே, அங்க வீட்டுக்காரர விட்டாங்க, என்ன நெலப்படியிலயே நிறுத்திட்டாங்க. பொம்பளைங்க வரக்கூடாதாம். நம்ம ஊர்ல பாக்காததா, ஆனா புத்தர் எடத்துலயுமான்னு எரிச்சல். வெளிய வந்தவர்கிட்ட உள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டா, "சாமி முகத்தயெல்லாம் துணி போட்டு மூடி வெச்சிருக்காங்க, ஒண்ணும் தெரியல"ங்கறாரு. காமிக்கவே காமிக்காத சாமிக்கு நான் வந்தா என்னவாம்? அங்க நின்ன சின்ன லாமாகிட்ட கேட்டேன், அவரு கீழ குனிஞ்சு என் செருப்பையே பாத்துட்டு நின்னாரு.

வெண்பா_அம்மு:
அக்கா, குளிர்கால பாயிண்ட் ஒத்துக்கறேன். ரூம் விஷயத்துல எனக்கும் செம கடுப்பு. ஆனா எல்லா மடத்துலயும் அப்படி இல்ல.

நடராசன்_ரிட்டயர்டு:
ஒண்ணு விட்டுப்போச்சு. வெண்ணெய் டீ, உப்பு போட்டது. காலி பண்ண பண்ண ரொப்பிட்டே இருப்பாங்க, போதும்னா கப்ப முழுசா அப்படியே வெச்சுடுங்க, கிளம்பறப்ப குடிச்சுக்கலாம். ஆறவிட்டா மட்டும் ஏடு கட்டிக்கும், வாயில வைக்க முடியாது.