‘ஜூலு’ படத்தில் ஜூலுக்களுக்கு வசனம் எங்கே?

பழையரீல்:
1964-ல் வந்த ‘ஜூலு’வை நேற்று நாலாவது முறையாகப் பார்த்தேன். தெரியாதவர்களுக்கு: 1879 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் சுமார் 150 பிரிட்டிஷ் வீரர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட, அந்த மண்ணின் ஜூலு இனப் படையைத் தாக்குப்பிடித்த கதை. இதை இனவெறிப் படம் என்று இங்கே சிலர் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஜூலுக்கள் இதில் காட்டுமிராண்டிகள் இல்லை. ஒழுங்கும் துணிச்சலும் உள்ள படை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, மலைக்கு அந்தப் பக்கம் ரயில் வருவதுபோல ஒரு சத்தம் கேட்கும், அது கேடயத்தில் ஈட்டியைத் தட்டும் சத்தம், இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மலையருவி:
சத்தம் கேட்கிறது, சரி. பேச்சு எங்கே? அந்தப் படையை நடத்தியவர் ஜூலு மன்னர் செட்சுவாயோவின் சகோதரர் டபுலமன்சி. அவருக்கு ஒரு வசனம் உண்டா? எதிரியை இரு பக்கமும் கொம்புபோல வளைக்கும் எருமைக்கொம்பு வியூகம் ஜூலுக்களின் பெருமை, அதைக்கூட ஒரு போயர் (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளி) அதிகாரி தரையில் கோடு போட்டு வெள்ளைக்காரர்களுக்கு விளக்குகிறார். அப்புறம், போர் ஏன் வந்தது? 1878 டிசம்பரில் பிரிட்டிஷ் ஆணையர் பார்ட்டில் ஃப்ரியர், உன் படையைக் கலைத்துவிடு என்று செட்சுவாயோவுக்குக் கெடு வைத்தார். அதை மறைத்துவிட்டால், சும்மா இருந்தவர்களை ஆயிரக்கணக்கானோர் வந்து சூழ்ந்துகொண்ட மாதிரிதானே தெரியும்!

பழையரீல்:
நண்பரே, எந்த நாட்டில் எடுத்தார்கள் என்று பாருங்கள். நிறவெறிச் சட்டம் உச்சத்தில் இருந்த தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில். அங்கே செட்சுவாயோவாக நடித்தவர் மங்கோசுத்து புத்தெலேசி, மன்னர் அவருக்குத் தாய்வழிக் கொள்ளுத்தாத்தா. அதே காலத்து ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் அரபு இளவரசர் ஃபைசலாக முகத்தில் சாயம் பூசி நடித்தது ஆங்கிலேயரான அலெக் கின்னஸ். வித்தியாசம் இல்லையா?

கடைசிபெஞ்சு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். முகத்தில் சாயம் பூசினார்களா என்பது ஒரு பக்கம்தான். நம் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில் ஜாக்சன் துரை யார்? சி. ஆர். பார்த்திபன். அங்கே வெள்ளைக்காரர்தான் மாற்றான், ஆனால் அவருக்கும் பேச்சு இருக்கிறது, கேள்வி இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றி 1966-ல் வந்த ‘பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ பாருங்கள். அல்ஜீரியப் பெண்கள் மூன்று பேர் கண்ணாடி முன்னால் ஐரோப்பியப் பெண்கள்போல வேடம் மாற்றிக்கொண்டு குண்டு வைக்கப் போவார்கள். வைப்பதற்கு முன், அந்தக் கடையில் ஐஸ்கிரீம் சாப்பிடும் சின்னக் குழந்தையின் முகத்தைக் கேமரா காட்டும். இரண்டு பக்கமும் மனிதர்கள். எனக்கு அன்று முழுக்க சாப்பாடு இறங்கவில்லை.

பழையரீல்:
அது விடுதலைக்குப் பிறகு எடுத்த படம், விடுதலைப் படையின் தளபதியாக இருந்த சாதி யாசெஃபே தயாரித்து நடித்தார். 1964 நேட்டாலில் அப்படி ஒரு ஜூலு தயாரிப்பாளர் எழும்ப விட்டிருப்பார்களா? எடுக்க முடியாத படத்தோடு எடுத்த படத்தை ஒப்பிடாதீர்கள். கடைசியில் ஜூலுக்கள் மலைமேல் நின்று ஈட்டி உயர்த்தி எதிரிக்கு வணக்கம் செலுத்துவார்களே, அது மரியாதை இல்லையா?

மலையருவி:
அந்த வணக்கம் நடக்கவே இல்லை, ஐயா. பிரிட்டிஷ் துணைப்படை வருவதைப் பார்த்து ஜூலுக்கள் விலகினார்கள், களத்தில் காயத்தோடு கிடந்த ஜூலுக்களைப் பிரிட்டிஷ்காரர்கள் கொன்றார்கள். கொன்ற காட்சி படத்தில் இல்லை, நடக்காத வணக்கம் இருக்கிறது. இதுதான் என் கோபம். எடுக்க முடியாத காலம் என்று சொல்லி இதை ஒதுக்க முடியாது, இது வேண்டுமென்றே எழுதிச் சேர்த்த காட்சி. இன்னொன்று: ரோர்க்ஸ் டிரிஃப்டில் போரிட்ட நல்ல பிரிட்டிஷ் வீரரான ஹென்றி ஹூக்கைப் படத்தில் குடிகாரனாகக் காட்டியதால், அவர் மகள்கள் படத்தின் முதல் திரையிடலிலேயே எழுந்து வெளியே போனார்கள். எங்கள் அப்பா அப்படி இல்லை என்று சொல்ல அவர்களுக்கு அந்த இருக்கையாவது கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களுக்கு இந்தப் படமே தடை, நடித்தவர்களுக்கென்று சில சிறப்புக் காட்சிகள் தவிர.

பழையரீல்:
காயம்பட்டவர்களைக் கொன்றதை நான் மறுக்கவில்லை, அதைக் காட்டியிருக்க வேண்டும். ஆனாலும் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்றிரவு மறுபடி போடுகிறேன், இந்த முறை அந்தப் போயர் பேசும் இடத்தை நிறுத்திப் பார்க்கிறேன்.