திரவச் சவ்வு எண்ணெயை மறுபடி பயன்படுத்தலாமா?

ஓசூர் முலாம்பட்டறை:
துத்தநாக முலாம் அலசிய நீரிலிருந்து உலோகத்தைப் பால்மத் திரவச் சவ்வால் (அமிலத் துளிகளை உள்ளே அடக்கிய எண்ணெய்ப் பால்மம்; அந்த எண்ணெய்தான் சவ்வு) மீட்டுப் பார்க்கிறோம். மண்ணெண்ணெய், பால்மத்தை நிலைநிறுத்த ஸ்பான் 80, துத்தநாகத்தைப் பிடித்து எண்ணெய் வழியே கொண்டுபோகும் கடத்தியாக டி2ஈஹெச்பிஏ, உள்ளே துளிகளாகக் கந்தக அமிலம். பால்மத்தை உடைத்தபின் எண்ணெயை அடுத்த சுற்றுக்கு விடலாமா? கடத்தியின் விலை வயிற்றைக் கலக்குகிறது.

கிருஷ்ணகிரி வேதியியல் ஆசிரியர்:
தாராளமாக விடலாம், ஐயா. கடத்தி செலவாகிவிடுவதில்லை, அமிலம் துத்தநாகத்தை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் அயனியைத் திருப்பித் தருகிறது. உடைக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். உயர் மின்னழுத்த மாறுமின்னோட்டம் நல்லது. மின்முனைக்குக் காப்பு அவசியம்; மண்ணெண்ணெய் அருகே பொறி பறக்கக் கூடாது! பால்மத்தை உடைக்கும் ரசாயனம் ஊற்றாதீர்கள், அது எண்ணெயிலேயே தங்கி அடுத்த பால்மத்தை நிற்கவிடாது. ஆஸ்திரியாவின் லென்சிங்கில் விஸ்கோஸ் இழை ஆலைக் கழிவுநீரிலிருந்து துத்தநாகத்தை மீட்டதும் மின்புலத்தால் உடைக்கும் இதே முறையில்தான்.

தருமபுரிக்காரன்:
ஸ்பான் 80 அமிலத்தில் மெல்லச் சிதையும். அவ்வப்போது கொஞ்சம் புதிதாகச் சேருங்கள், அண்ணா. நடுவில் தேங்கும் பஞ்சு போன்ற அடுக்கை ஒதுக்கிவிடுங்கள்.

ஓசூர் முலாம்பட்டறை:
நீரில் இரும்பும் இருக்கிறதே?

கிருஷ்ணகிரி வேதியியல் ஆசிரியர்:
அதுதான் உண்மையான தொல்லை. பெர்ரிக் இரும்பு (மூன்று நேர்மின்னேற்றம் கொண்ட இரும்பு அயனி) கடத்தியைப் பிடித்துக்கொண்டால் நீர்த்த கந்தக அமிலத்துக்கு அசையாது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் எண்ணெயைக் கழுவ நேரிடும். முன்பே இரும்பை வீழ்படிவாக்கி வடிகட்டிவிடுங்கள்.