காமிக்ஸும் அரசியலும்: காரைக்குடி பக்கம் உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். கோட்டையூரில் ஞாயிறுதோறும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு காமிக்ஸ் வாசித்துப் பேசுகிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

பையன்களுக்கு டெக்ஸ் வில்லர் என்றால் உயிர். 1948இல் இத்தாலியில் உருவான கௌபாய் காமிக்ஸ் நாயகன். அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களுக்காக அவர் சண்டை போடுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த மக்களுக்குத் தலைவராகவும் ஒரு வெள்ளைக்காரர்தான் வர வேண்டுமா? 1936இல் தொடங்கிய, காட்டில் வாழும் முகமூடி நாயகன் ஃபேண்டம் கதைகளில் இது இன்னும் அப்பட்டம். காடு அங்குள்ள பழங்குடி மக்களுடையது, அதிகாரம் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளையர் குடும்பத்திடம். இதைச் சொன்னால், "அப்போ படிக்கக் கூடாதா?" என்று முகம் வாடிப்போகிறது. படிக்கத்தான் வேண்டும். ரசித்துக்கொண்டே கேள்வி கேட்க எப்படிப் பழக்குவது?

அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணம்' அருமையாகப் போனது. கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்தது. வன்மமான பேச்சு வரும் பலூனுக்குத் தேள் கொடுக்கு, கனிவான பேச்சுக்குப் பறவை வடிவம். பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பள்ளியில் சிறுவன் பீமுக்குத் தண்ணீர் மறுக்கும் பக்கம் வந்ததும் ஒரு சிறுமி, "நம்ம ஊருணியில அந்தக் காலத்துல யாரெல்லாம் தண்ணி எடுத்தாங்க?" என்று கேட்டாள். வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து வரச் சொல்லியிருக்கிறேன்.

பெண்களை நடுவில் வைத்த காமிக்ஸ் தமிழில் எவை கிடைக்கும்? பழைய பிரதிகள் இருந்தால் இரவல் தாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவோம். அப்புறம், சிறுவர்களோடு கார்ட்டூன் படங்கள் பார்த்துப் பேசிய அனுபவம் உள்ள அக்கா, அண்ணன் யாராவது ஒரு ஞாயிறு வர முடியுமா? பேருந்துச் செலவு, மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.