ஹை நூன்: ஆள் தேடி அலையறவன் ஹீரோவா?

மதியக்காட்சி:
நேத்து ராத்திரி 1952ல வந்த 'ஹை நூன்' மறுபடி பார்த்தேன். கல்யாணம் முடிஞ்ச கையோட, ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் கேனுக்குச் சேதி வருது: அவர் ஜெயிலுக்கு அனுப்பின ஃபிராங்க் மில்லர் பன்னிரண்டு மணி ரயில்ல பழி வாங்க வர்றான். மிச்சப் படம் முழுக்க ஊருக்குள்ள துணைக்கு ஆள் தேடறார். படம் 85 நிமிஷம், கதை நடக்கற நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வெஸ்டர்ன்ல, அதான் கௌபாய் படங்கள்ல, இதுக்கு மேல ஒண்ணு இல்லைங்கிறது என் கட்சி.

ரியோபக்தன்:
அந்த அலைச்சல்தான் எனக்கு ஒத்துக்கலை. பேட்ஜ் குத்தினவன் சர்ச்சுல போய் நின்னு கெஞ்சுவானா? டைரக்டர் ஹாவர்ட் ஹாக்ஸுக்கும் இதே எரிச்சல். பதிலடியா 1959ல ஜான் வெய்னை வச்சு 'ரியோ பிராவோ' எடுத்தார். அதுல ஷெரிஃப், உதவிக்கு வர்றேன்னு சொல்றவங்களையே வேண்டாம்ங்கிறார்.

மதியக்காட்சி:
வேண்டாம்னு சொல்லலாம், பக்கத்துல டீன் மார்ட்டின் இருக்காரே! நடுவுல பாட்டு வேற. 'ஹை நூன்'ல கேன் உதவி கேட்டுப் போற ஃபுல்லர் வீட்டைப் பாருங்க. புருஷன் உள்ள ஒளிஞ்சுக்கிட்டு, "சர்ச்சுக்குப் போயிருக்கார்"னு பொண்டாட்டியைச் சொல்ல வைக்கிறான். கேனுக்குப் பொய்னு புரியுது, பேசாம திரும்பிடறார். அப்புறம் அவன் அவமேலயே பாயறான்: நான் சாகணுமா, நீ விதவையாகணுமா? ஒரு நிமிஷ சீன். துப்பாக்கிச் சண்டையை விட இதுதான் எனக்கு வயித்தைக் கலக்குது.

பழையரீல்:
'ஹை நூன்' திரைக்கதை எழுதின கார்ல் ஃபோர்மனும் கேன் மாதிரி துணையில்லாத நிலைமையிலதான் இருந்தார். கம்யூனிஸ்ட் விசாரணைக்கு அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி கூப்பிட்டுது, அடுத்தவங்க பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டார். ஹாலிவுட் கதவைச் சாத்துச்சு, இங்கிலாந்து போயிட்டார். படத்தைத் திட்டின ஜான் வெய்ன்தான் கேனா நடிச்ச கேரி கூப்பர் சார்பா மேடையேறி ஆஸ்கர் வாங்கினார், அது தனிக் கூத்து!

ரியோபக்தன்:
பின்கதையை வச்சு மார்க் போடாதீங்க சார். கேனோட புதுப் பொண்டாட்டி எமி, குவேக்கர்ங்கிற அகிம்சைக் கிறிஸ்தவப் பிரிவுக்காரி, ரத்தமே ஆகாதுன்னு ரயிலேறப் போனவ. கடைசியில ஒருத்தனை முதுகுல சுடறா. கதையை முடிக்க வேற வழி தெரியலை, அவ்வளவுதான்.

மதியக்காட்சி:
சுட்டதும் அவ தலை குனியறதைப் பார்த்தீங்களா? ஜெயிச்சவ முகமா அது? கேனும் பேட்ஜைப் புழுதியில போட்டுட்டு, யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம வண்டியேறறார்.

பழையரீல்:
அதைக் கால்ல மிதிச்சார்னு வெய்ன் ஒரு பேட்டியில சொன்னார். மிதிக்கவே இல்லை.

ரியோபக்தன்:
சரி, அந்தக் கிரேன் ஷாட்டை மட்டும் ஒத்துக்கறேன். கேமரா மேல ஏற ஏற, காலித் தெருவுல கூப்பர் பொட்டு மாதிரி ஆயிடறார். வெள்ளை வானம், ஒரு நிழல்கூட இல்லை. ஆனா என் ஓட்டு ரியோ பிராவோவுக்கே.