குளிரில் செமியில் மாட்டிக்கொள்ளும் எம்4: மோட்டாரா, கட்-ஆஃப் லீவரா?

எம்4 வகை எலக்ட்ரிக் ஏர்சாஃப்ட் (மோட்டாரால் பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி). வெர்ஷன் 2 கியர்பாக்ஸ், எம்100 ஸ்பிரிங், 7.4 வோல்ட் 1300 எம்ஏஎச் லிபோ பேட்டரி, மாஸ்ஃபெட் (டிரிக்கர் கான்டாக்டுக்குப் பதில் மின்சாரத்தைத் தாங்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) கிடையாது. வாங்கி இரண்டு வருடம். லண்டன் பக்கம், திறந்தவெளி மைதானம். தொல்லை மூன்று வாரமாக.

செமியில் (ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு) பத்துப் பதினைந்து குண்டு ஒழுங்காகப் போகும். அப்புறம் டிரிக்கர் உள்ளே போகிறது, மோட்டார் அசைவதில்லை. செலக்டரை ஆட்டோவுக்கு (தொடர்ந்து சுடும் நிலை) தள்ளி ஒரு தட்டு தட்டினால் விடுபடும். மாட்டிய நிலையில் மேகசினைக் கழற்றி டார்ச் அடித்தால் நாசில் (குண்டை பேரலுக்குள் தள்ளும் குழாய்) பின்னால் இழுபட்டு நிற்கிறது. அதாவது கியரின் சுற்று பாதியில் நின்றிருக்கிறது. வெளியே 5 டிகிரிக்குக் கீழே போனால்தான் அதிகம். வீட்டுக்குள் நூறு போட்டாலும் வராது.

இதுவரை செய்தவை: டிரிக்கர் கான்டாக்டில் இருந்த கரியைத் தேய்த்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. பேட்டரியின் மினி டாமியா கனெக்டரை எடுத்து டீன்ஸ் கனெக்டர் போட்டாயிற்று. கைப்பிடி அடியில் உள்ள திருகைக் கால் சுற்று கால் சுற்றாக மாற்றி மோட்டார் உயரம் பார்த்தாயிற்று. புது 25சி லிபோவிலும் அதே கதை. 0.20 கிராம் குண்டில் 330 எஃப்பிஎஸ் (வினாடிக்கு அடி), சுமார் 1 ஜூல். காற்றுக் கசிவு இல்லை. இதைவிட இளக்கமான எம்90 ஸ்பிரிங் போட்டால் ஓடலாம், ஆனால் அது நோயை மூடி மறைப்பதுதான். மாஸ்ஃபெட் இல்லாமல் 11.1 வோல்ட் போட்டால் கான்டாக்ட் கருகும், அதனால் வேண்டாம்.

கட்-ஆஃப் லீவர் (செமியில் ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு மோட்டாருக்கான மின்சாரத்தை வெட்டும் நெம்பு) தேய்ந்து முன்கூட்டியே வெட்டுகிறதா, குளிரில் மோட்டாருக்கு இழுவை போதவில்லையா என்பதை கியர்பாக்ஸைப் பிரிக்காமல் கண்டுபிடிப்பது எப்படி?