வேலையை விட்டால் மகளின் மருத்துவக் காப்பீடு?

சோழிங்கநல்லூரில் ஐடி சப்போர்ட் வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். ஏழு வயது மகளைத் தனியாக வளர்க்கிறேன், அவளுக்கு ஆஸ்துமா. பகல் ஷிஃப்ட் கேட்டேன், கிடைக்கவில்லை. இனி முடியாது என்று ராஜினாமா கொடுத்துவிட்டேன். தாம்பரத்தில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் பகுதிநேர வேலை, 14,000 ரூபாய். பள்ளி விடும்போது வாசலில் நிற்கலாம், எனக்கு அதுவே பெரிது.

கம்பெனியின் குரூப் பாலிசி ஜூன் 30, கடைசி நாளோடு முடிகிறது. புதிதாக எடுத்தால் ஆஸ்துமாவுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைப்பார்கள், அதுவரை அதன் சிகிச்சைச் செலவைத் தர மாட்டார்கள். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்ற விதியில் இடம் உண்டு. ஆனால் எச்ஆருக்குத் தெரியவில்லை. கஸ்டமர் கேரில் ஆளுக்கொரு பதில்.

இப்படி மாற்றியவர்கள் சொல்லுங்கள்: கடைசி நாளுக்கு எவ்வளவு முன்பு விண்ணப்பித்தீர்கள்?